மூன்றாவது ஜாடியில்தான் புளித்தது

ஐந்தாம் நாள் காலையில் ஜாடியின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தேன். மிதந்துகொண்டிருந்த பூண்டுப் பல்லின் முதுகில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. பூண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம், பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாது. மொத்தமாகக் கொட்டினேன். இட்லி மாவு புளிக்க வைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குக் கோதுமை மாதிரி இருக்கும் ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் விழுந்த முதல் அடி அது.

நான் செய்ய முயன்றது ஜூரெக் என்ற போலிஷ் சூப்புக்கான புளிப்பு நீர். ஜூரெக் என்று எழுதுகிறேனே தவிர அந்த முதல் எழுத்துக்குத் தமிழில் சரியான எழுத்து கிடையாது. போலிஷில் அது தலையில் புள்ளி வைத்த இசட். ஆங்கிலத்தில் உச்சரிப்பு எழுதிக் காட்டுகிறவர்கள் இசட், எச் சேர்த்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்தவுடன் தமிழன் ‘ழூரெக்’ என்றுதான் படிப்பான். நானும் அப்படித்தான் கடையில் போய்க் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாவுக்கு அன்று புரியவில்லை.

அந்தக் கடைக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது மேற்கு லண்டனில், ஈலிங் பக்கம். தெருமுனையில் ஈழத்தமிழர் ஒருவரின் மளிகைக் கடை. லண்டனில் இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் முருங்கைக்காய்க்கும் தொலைபேசி அட்டைக்கும் நடுவில் போலிஷ் சாமான்களுக்கென்று ஓர் அலமாரி இருக்கும். அதிலிருந்த ஊறுகாய் வெள்ளரிக்காய் ஜாடியை வாங்கிப் பழகிவிட்டு, ஒருநாள் வேறு வகை உண்டா என்று கேட்டேன். “தம்பி, இஞ்ச கொஞ்சச் சாமான்தான் கிடக்கு. முழுசா வேணுமெண்டால் மற்றப் பக்கத்தில அவையின்ர கடை இருக்கு, அங்க போய்ப் பாருங்கோ” என்று வாடிக்கையாளரைத் தானே அடுத்த கடைக்கு அனுப்பிவைத்தார்.

‘போல்ஸ்கி ஸ்க்லெப்’ என்று பலகை. ஸ்க்லெப் என்றால் கடை, அவ்வளவுதான். 2004 மே 1-ஆம் தேதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, புதிய நாடுகளின் தொழிலாளர்களுக்குத் தடையின்றிக் கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான். அப்போது வந்தவர்களோடு இந்தக் கடைகளும் ஊருக்கு ஊர் முளைத்தன. எங்கள் பக்கத்தில் மட்டும் போலிஷ்காரர்களின் வேர் இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் நார்தோல்ட் விமானத் தளத்திலிருந்து பறந்து சண்டையிட்ட போலிஷ் விமானிகளுக்கு, பக்கத்துச் சாலையில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர்தான். போர் முடிந்தபின் நாடு திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர்.

சரி, கடைக்குள் போவோம். முதல் இரண்டு முறை சும்மா சுற்றினேன். மொழி தெரியாத கடையில் படங்களை நம்பித்தான் வாங்க வேண்டும், படமோ பாதி பொய். கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தக் கடையில் பாதிக்குப் பாதி புளிப்பு. முட்டைக்கோஸ் புளித்தது, வெள்ளரி புளித்தது, பீட்ரூட் சாறு புளித்தது, மோர், கெஃபிர், புளித்த பாலாடை, புளித்த பாலில் எடுத்த சீஸ், பாட்டிலில் அடைத்த புளித்த மாவுத் தண்ணீர். புளிச்சக்கீரை போல ஒரு கீரையைக் கூட அரைத்து ஜாடியில் வைத்திருக்கிறார்கள், ஷ்ச்சாவ் என்று பெயர். நமக்கு மரத்தில் காய்க்கும் புளி இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது. அந்தக் குளிர்நாட்டில் இரண்டும் கிடையாது. உப்பையும் நாட்களையும் வைத்தே புளிப்பைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் நான் முதலில் கற்ற இரண்டு வார்த்தைகள் இன்றுவரை பயன்படுகின்றன. ஜாடியில் ‘கிஷோனெ’ என்று இருந்தால் உப்பு நீரில் தானாகப் புளித்தது. ‘கோன்ஸெர்வோவெ’ என்றால் வினிகரில் போட்டது, கூடவே சர்க்கரையும் இருக்கும். இரண்டும் ஒரே பச்சை நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சந்தேகம் இருந்தால் பின்பக்கப் பட்டியலில் ‘ஒட்ஸெத்’ என்ற வார்த்தையைத் தேடுங்கள். அதுதான் வினிகர். தானாகப் புளித்த ஜாடியில் தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி வைத்துவிடாதீர்கள். நான் இரண்டு தடவை அப்படி வைத்துவிட்டுத் தெளிந்த ஜாடியை எடுத்து வந்தேன். இனிப்பு வெள்ளரிக்காயைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு தின்ற துயரம் எனக்குத்தான் தெரியும்.

இறைச்சி வெட்டும் இடத்தில் வரிசை நிற்கும். அங்கே யாரும் கிராம் சொல்வதில்லை, ‘தெகோ’ என்கிறார்கள். பத்து கிராம் ஒரு தெகோ. இருபது தெகோ என்றால் 200 கிராம். முன்னால் நின்ற தாத்தா இருபது தெகோ கேட்டு வாங்கியதைப் பார்த்து நானும் இருபது என்று விரலால் காட்டினேன். கடைக்கார அம்மா இருபது துண்டா, இருபது தெகோவா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பெண்களை மரியாதையாக அழைக்க ‘பானி’ என்பார்கள். அன்றிலிருந்து அவர் எனக்குப் பானி, நான் அவருக்கு ‘சூப் பையன்’.

அவர்தான் ஜூரெக்கைப் பழக்கிவிட்டார். முதலில் பாக்கெட் பொடியை வாங்கிப் போய்க் கரைத்தேன். சோளமாவுக் கஞ்சியில் புகை வாசனை கலந்தது போல இருந்தது. மறுவாரம் அதைச் சொன்னதும் முகத்தைச் சுளித்து, குளிர்ப்பெட்டியிலிருந்து அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடியில் சாம்பல் நிறத்தில் மாவு, மேலே தெளிந்த நீர். இதன் பெயர் ஸாக்ஃபாஸ், குலுக்கி ஊற்று என்றார். அதில் வைத்த சூப்பைக் குடித்தபோதுதான் எனக்கு ஆசை வந்தது. பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு, பூண்டு, புகைபோட்ட இறைச்சி மூன்றும் ஒரே கரண்டியில். இதை நாமே செய்தால் என்ன?

முதல் ஜாடிக்கு நடந்ததைச் சொல்லிவிட்டேன். காரணங்கள் அப்புறம்தான் புரிந்தன. ஒன்று, மாவு. போலிஷ் மாவுப் பைகளில் ‘டிப் 450’, ‘டிப் 500’, ‘டிப் 720’, ‘டிப் 2000’ என்று எண் போட்டிருக்கும். அரைக்கும் நைசைச் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். அது சாம்பல் கணக்கு. 100 கிராம் மாவை முழுக்க எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதே அந்த எண். 500 என்றால் அரை கிராம் சாம்பல், தவிடு நீக்கிய வெள்ளை மாவு. 2000 என்றால் இரண்டு கிராம், தவிடோடு அரைத்த முழு மாவு. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தவிட்டோடுதான் வருகின்றன. நான் எடுத்தது ரையின் 720 மாவு. வெளிர் நிறமாக அழகாக இருந்தது, அதனால் எடுத்தேன். இரண்டு, குளிர். நவம்பர் மாதம், இரவில் எங்கள் சமையலறை 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மூன்று, வார இறுதியில் பர்மிங்காமில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு நாள் கிளறாமல் விட்டது. புளிப்பு ஏறுவதற்குள் பூசணம் முந்திக்கொண்டது.

இரண்டாவது ஜாடிக்குச் சரியாக 2000 எண் மாவு வாங்கினேன். ஆனால் சுத்தம் சுத்தம் என்று அலைந்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மாவில் ஊற்றிவிட்டேன். பூசணம் வராது, சரிதான். புளிப்பும் வராதே. மாவில் இருந்த உயிர்களைக் கையோடு வேகவைத்துவிட்டு, மூடியையும் இறுக்கித் திருகி வைத்திருந்தேன். ஆறு நாள் கழித்துத் திறந்தால் சுவரொட்டிப் பசை வாடை. ஒரு குமிழி கூட இல்லை. அதையும் கொட்டினேன்.

மூன்றாவது தடவை பானியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். அதோடு என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து நான் செய்தது இதுதான்.

ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடியைச் சுடுநீரில் கழுவிக் காய வைத்தேன். 2000 எண் ரை மாவு 100 கிராம். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் 500 மில்லி. விரலை விட்டால் சூடு தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. பூண்டு நான்கு பல், தோலுரித்து லேசாக நசுக்கியது. பிரிஞ்சி இலை மாதிரி இருக்கும் லாரல் இலை இரண்டு. மிளகை விடப் பெரிதாக, மிளகு போலவே உருண்டையாக இருக்கும் ஆல்ஸ்பைஸ் நான்கு. இதைப் போலிஷில் ‘ஆங்கில மூலிகை’ என்று அர்த்தம் வரும்படி அழைக்கிறார்கள், ஆங்கிலேயர் வீடுகளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. கடைசியாக, கடையில் வாங்கிய புளித்த ரை ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்று. நாம் உறை ஊற்றுவது போலத்தான் அது. பானி சொன்னவற்றிலேயே முக்கியமானது இந்த ரொட்டித் துண்டு என்று எனக்குப் படுகிறது.

மேலே மெல்லிய துணி, ரப்பர் வளையம். இடத்துக்குத்தான் அலைந்தேன். ஓவனில் விளக்கை மட்டும் போட்டு வைப்பது இங்கே இட்லி மாவுக்கு எல்லோரும் செய்வது. ஆனால் ஐந்து நாள் ஓவனை விட்டுக்கொடுக்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் வெந்நீர் பாய்லர் இருக்கும் அலமாரியில், மடித்து வைத்த துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 23 டிகிரி.

முதல் நாள் சேற்றுத் தண்ணீர். இரண்டாம் நாள் மாவு அடியில் தங்கி மேலே தெளிந்திருந்தது, மரக்கரண்டியால் அடிவரை கிளறினேன், அங்கங்கே சின்னக் குமிழிகள். மூன்றாம் நாள் நுரை. ஆனால் வாடை சகிக்கவில்லை, ஈரச் சாக்கு மாதிரி. இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். கொட்டுவதற்கு முன் ஒருநாள் பொறுப்போம் என்று விட்டதில் பிழைத்தது. தொடக்கத்தில் எல்லாவிதக் கிருமிகளும் ஆட்டம் போடும், புளிப்பு ஏற ஏற லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா வகைகள் மட்டும் தங்கும், மற்றவை அடங்கிவிடும். நான்காம் நாள் அந்த வாடை போய் மூக்கில் ஏறும் புளிப்பு வாசம் வந்தது. ஐந்தாம் நாள் நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளித்த மோர், பின்னால் பூண்டு. பூண்டையும் இலையையும் ரொட்டியையும் எடுத்துவிட்டுப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். தினமும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை கிளறியதைத் தவிர வேறு எந்த மந்திரமும் இல்லை.

இனி சூப். அங்கேயும் ஒரு தடவை சறுக்கினேன். ஜூரெக்குக்கு வெள்ளைத் தொத்திறைச்சி வேண்டும், ‘பியாவா க்யெவ்பாஸா’. அதில் பச்சையாக இருப்பதும் உண்டு, வெந்நீரில் காட்டி எடுத்ததும் உண்டு. பச்சையை வாங்கி வந்து தளதளவென்று கொதிக்கவிட்டேன். தோல் வெடித்து உள்ளிருந்தது முழுக்கத் தண்ணீரில் கரைந்தது. கொதிக்கவே விடக்கூடாது. தண்ணீர் நடுங்கும் அளவில், ஏறத்தாழ 80 டிகிரியில், இருபது இருபத்தைந்து நிமிடம் போட்டு, உள்ளே நன்றாக வெந்ததா என்று ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சூப்பின் சாறு.

நான்கு தொத்திறைச்சி வெந்த ஒன்றரை லிட்டர் சாற்றில், புகைபோட்ட பன்றி இறைச்சியையும் வெங்காயத்தையும் பொடியாக நறுக்கி வதக்கிச் சேர்த்தேன். ஒரு கேரட், இரண்டு உருளைக்கிழங்கு. வெந்ததும் பாட்டிலை நன்றாகக் குலுக்கி 400 மில்லி ஸாக்ஃபாஸ். ஊற்றும்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், மாவு அடிபிடிக்கும். ஒரு கொதி வந்ததும் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாகிவிடும். அப்புறம் மார்ஜோரம் என்ற காய்ந்த மூலிகை, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஒரு மேசைக்கரண்டி. இந்த மூலிகை இல்லையென்றால் ஜூரெக் இல்லை. ரசத்துக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படி. ஜாடியில் வரும் துருவிய ஹ்ஷான், அதாவது குதிரைமுள்ளங்கி, ஒரு கரண்டி. கடுகைப் போல மூக்கில் ஏறும் காரம் அது.

கடைசியில் 18 சதவீதப் புளித்த பாலாடை, அரை கிண்ணம். நேரே ஊற்றினால் திரிந்துவிடும். மோர்க்குழம்பு வைத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சூடான சூப்பை ஒவ்வொரு கரண்டியாகப் பாலாடையில் விட்டுக் கலக்கிச் சூடேற்றிக்கொண்டு, பிறகு அதை அடுப்பை அணைத்த பானையில் ஊற்ற வேண்டும். தொத்திறைச்சியை வட்டமாக வெட்டிப் போட்டு, வேகவைத்த முட்டையைப் பாதியாக வைத்து, ரொட்டியோடு சாப்பிட்டேன். உப்பு கடைசியில்தான் போட வேண்டும், புகைபோட்ட இறைச்சியில் ஏற்கெனவே நிறைய உண்டு. இதைச் சாப்பிட்டபிறகு கண்டுபிடித்தேன்.

மனைவி சைவம். அவளுக்காகக் காய்ந்த காளானில் தனியாக வைத்தேன். கடையில் காட்டுக் காளானைச் சின்னச் சின்னப் பையில் தொங்கவிட்டிருப்பார்கள். 20 கிராமை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரையே சாறாக்கினேன். “என்னங்க, இது நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க இதுக்காக ரெண்டு வாரம் பட்ட பாட்டுக்கு…” என்று பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டாள். இறைச்சி இல்லாத ஜூரெக் ஒன்றும் புதிதல்ல. கத்தோலிக்க நாடான போலந்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க இறைச்சியில்லாத ஜூரெக்கும் ஹெரிங் மீனும்தான் ஏழைகளின் சாப்பாடாக இருந்தது. நாற்பது நாள் அதையே குடித்து வெறுத்துப்போய், பெரிய வெள்ளியன்று ஜூரெக் பானையை உடைத்தோ புதைத்தோ ‘அடக்கம்’ செய்யும் வழக்கம் கிராமங்களில் இருந்திருக்கிறது. ஹெரிங்கை மரத்தில் தொங்கவிடுவார்களாம். மூன்றாம் நாளும் மிச்ச ஜூரெக்கைக் குடித்தபோது அவர்கள் பக்க நியாயம் எனக்குப் புரிந்தது. அன்று கொஞ்சம் எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினேன். பானியிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஷா என்ற தானிய வரிசையில் ‘யாக்லானா’ என்று மஞ்சளாக இருப்பது தோல் நீக்கிய பனிவரகு. ஊரில் சிறுதானியக் கடையில் தேடி வாங்குவது இங்கே அடுக்கி வைத்திருக்கிறது. உப்புமா செய்தேன், கசந்தது. சமைக்கும் முன் கொதிநீர் ஊற்றி அலசினால் கசப்பு போய்விடும். ‘காஷா மான்னா’ என்பது ரவைதான், ஆனால் குழந்தைகளுக்குப் பாலில் காய்ச்சிக் கொடுப்பதற்கென்று நைசாக இருக்கும். அதில் உப்புமா கிண்டினால் களி கிடைக்கும்.

பியெரோகி, நம் சோமாஸ் வடிவத்தில் இருக்கும் கொழுக்கட்டை, இன்னும் சரியாக வரவில்லை. உருளைக்கிழங்கும் ட்ஃபாருக் என்ற சீஸும் வதக்கிய வெங்காயமும் வைப்பது ‘ருஸ்கியெ’. பெயரைக் கேட்டு ரஷ்யா என்று நினைக்க வேண்டாம். ருஸ் என்ற பழைய நிலப்பகுதியின் பெயர் அது, இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம். ட்ஃபாருக் பார்க்கப் பன்னீர் போல இருக்கும். ஆனால் பன்னீருக்குக் கொதிக்கும் பாலைத் திரிக்கிறோம், இது பாலைப் புளிக்கவிட்டு மெல்லச் சூடாக்கி வடிகட்டியது, அதனால் உதிரும், புளிக்கும். நான் கட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, சீஸ்கேக் செய்வதற்கென்று அரைத்து வாளியில் வருவதை வாங்கிவிட்டேன். பூரணம் சட்னி பதத்தில் வந்தது. மாவு மட்டும் நன்றாக அமைந்தது. 500 எண் மாவில் வெந்நீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்தால் விரல் சொன்னபடி கேட்கிறது. அம்மா அனுப்பிய சோமாஸ் அச்சில் ஓரம் அழகாக மூடிக்கொண்டது, வெந்நீரில் ஒன்றுகூடப் பிரியவில்லை. உள்ளே ஒழுகாத பூரணம்தான் பாக்கி.

சின்ன பாட்டிலில் கொஞ்சம் ஸாக்ஃபாஸ் ஊற்றிப் பானியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்தார். கரண்டி தேடாமல் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். “பூண்டு போதாது” என்றார். அவ்வளவுதான். பின்னால் நின்ற பெரியவர் பாட்டிலை வாங்கி மோந்துவிட்டுப் போலிஷில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டதற்கு, இவர் பூண்டு போதும் என்கிறார், ஆனால் இவர் சிலேசியாக்காரர், போலந்தின் தென்மேற்குப் பக்கம், இவர் பேச்சை எடுத்துக்கொள்ளாதே என்றார் பானி.

இப்போது நான்காவது ஜாடி ஓடிக்கொண்டிருக்கிறது. ரொட்டித் துண்டுக்குப் பதில் பழைய பாட்டிலிலிருந்து மூன்று கரண்டி ஊற்றினேன், பூண்டு ஆறு பல். இரண்டாம் நாளே நுரைத்துவிட்டது. அலமாரியிலிருந்து எடுக்கும் துண்டெல்லாம் பூண்டு நாறுவதாக நேற்றிரவு புகார் வந்திருக்கிறது. வேறு இடம் பார்க்க வேண்டும்.